மணி அடிக்குது, குரல் கேட்கலை: மலையில் ஓர் இணையத் தொலைபேசி

(கள்ளக்குறிச்சியில் இ-சேவை மையம் நடத்துபவர்கள், மகளிர் குழுவினர், விடுதிக் காப்பாளர்கள் கலந்துகொண்ட பயிற்சி நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆரம்பிக்கும் முன்னால் ஒரு சின்ன வேலை. உங்கள் கையில் இருக்கும் போனை எடுத்துப் பாருங்க. சிக்னல் எத்தனை கோடு காட்டுது? இங்கே டவுனில் எல்லாருக்கும் நாலு கோடு இருக்கும். இதே போனோடு கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மலைப்பாதையில் ஏறுங்க. ஒவ்வொரு வளைவிலும் ஒரு கோடு குறையும். கரியாலூரில் கொஞ்சம் வரும், வெள்ளிமலையில் வரும், நடுவில் பல இடத்தில் ஒன்றுமே இருக்காது. மலையில் இருந்து வந்திருக்கும் அக்காமார், அண்ணன்மாருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. எந்தப் பாறை மேல் ஏறினால் டவர் கிடைக்கும், எந்த மரத்தடியில் நின்றால் ஓடிபி வரும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம்.

காரணம் பெரிய மர்மம் இல்லை. செல்போன் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். குறுக்கே ஒரு மலைமுகடு நின்றால், பின்னால் இருக்கும் பள்ளத்து ஊருக்கு அலை சரியாக எட்டாது. கல்வராயன் மலை முழுக்க முகடும் பள்ளமும்தான். ஒரு டவர் நாலு ஊருக்குத் தெரியும், ஐந்தாவது ஊருக்குத் தெரியாது. ஆனால் ஃபைபர் கேபிளுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. ரோடு எப்படி வளைகிறதோ அப்படியே அதுவும் வளைந்து போகும். தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம், பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் வேலையை எடுத்திருக்கிறது. உங்கள் ஊராட்சியில் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்க. இருக்கிறது என்றால், டவர் இல்லாத ஊரிலும் போன் பேசலாம். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் எளிதானதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டுவிட்டுப் பாதிப் பேர் இன்றே பயன்படுத்தலாம். உங்கள் போனின் செட்டிங்ஸில், சிம் பகுதிக்குள் போனால் ‘வைஃபை காலிங்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இந்தச் சேவையைத் தொடங்கின. அதை ஆன் செய்து, வீட்டிலோ பள்ளியிலோ இருக்கும் வைஃபையில் போனை இணைத்துவிட்டால், டவர் இல்லாமலேயே உங்கள் வழக்கமான நம்பரில் அழைப்பு வரும், போகும். தனி ஆப் வேண்டாம். பல போன்களில் குறுஞ்செய்தியும் இதே வழியில் வந்துவிடும். எல்லா போனிலும் வரும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன், உங்கள் போனில் ஒரு தடவை சோதித்துப் பாருங்க. ஓடிபிக்காகப் பாறை ஏறுவது மிச்சமாகலாம்.

அடுத்தது, ஒரு பள்ளி, ஒரு விடுதி, ஒரு துணை சுகாதார நிலையம், ஓர் அங்கன்வாடி, இவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள சொந்தமாக ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வைத்துக்கொள்வது. எக்ஸ்சேஞ்ச் என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்காதீங்க. ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும். உள்ளங்கை அளவு இருக்கும் ராஸ்பெர்ரி பை பலகையே போதும்.

இதற்கான மென்பொருளின் பெயர் ஆஸ்டெரிஸ்க். கீபேடில் இருக்கும் நட்சத்திரக் குறிக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். 1999-இல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர் ஒரு சின்ன கம்பெனி ஆரம்பித்தார். ஆபீசுக்குள் நாலு பேர் பேச ஒரு எக்ஸ்சேஞ்ச் பெட்டி வேண்டும், விலையைக் கேட்டால் தலை சுற்றியது. சரி, நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்து எழுதினார். எழுதியதைப் பூட்டி வைக்காமல் திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டார். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கி, மாற்றி, பயன்படுத்தலாம். கட்டளை வரி எழுதப் பழக்கமில்லாதவர்களுக்கு ஃப்ரீபிபிஎக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே ஓடுவது அதே ஆஸ்டெரிஸ்க்தான், வெளியே பிரவுசரில் பொத்தான்களாகத் தெரியும். போன் பக்கத்தில் லின்போன் போன்ற ஓர் ஆப்பை ஏற்றினால் உங்கள் ஸ்மார்ட்போனே ஓர் உள் எண் ஆகிவிடும்.

இதற்கு எவ்வளவு நெட் வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் பேசும் குரலை இந்த மென்பொருள் ஒரு வினாடிக்கு 50 துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. அழுத்திச் சுருக்காத தரமான குரலுக்கு ஒரு பக்கத்துக்கு வினாடிக்குச் சுமார் 90 கிலோபிட். ஒரு நிமிஷப் பேச்சுக்குப் போகவர ஒன்றேகால் எம்பி சொச்சம். ஒரு சினிமாப் பாட்டு வீடியோ பார்க்கிற நெட்டில் பல பேர் ஒரே நேரத்தில் பேசிவிடலாம். வேகத்தை விட முக்கியம் தாமதம். ஒரு பக்கத்துக் குரல் மறுபக்கம் போய்ச் சேர 150 மில்லி வினாடிக்குள் இருந்தால் நன்று என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். அதைத் தாண்டித் தாண்டிப் போனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்தி, திரும்ப ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள்.

அமைப்பதைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை. மூன்று விஷயத்தைத்தான் ஆஸ்டெரிஸ்கிடம் சொல்ல வேண்டும். யார் யார் நம்ம ஆட்கள் என்பது ஒன்று: உள் எண்ணும் கடவுச்சொல்லும். 101 காப்பாளர் அறை, 102 சமையலறை என்று. எந்த எண்ணை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பது இன்னொன்று. இதற்கு டயல் பிளான் என்று பெயர். மூன்றாவதுதான் பலரும் கோட்டை விடுவது: வெளியிலிருந்து பேசுபவர்களுக்கு ‘என் விலாசம் இது’ என்று எதைச் சொல்ல வேண்டும் என்பது. இந்த மூன்றாவதற்குத் திரும்ப வருவேன்.

ஓர் எச்சரிக்கை மட்டும். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பாதி பழையவை. அவை ‘சிப் டாட் கான்ஃப்’ என்ற கோப்பை நிரப்பச் சொல்லும். 2023-இல் வந்த ஆஸ்டெரிஸ்க் 21-ஆம் பதிப்பில் அந்தப் பழைய பகுதியையே எடுத்துவிட்டார்கள். இப்போது ‘பிஜேசிப் டாட் கான்ஃப்’ மட்டும்தான். நீங்கள் பழைய கோப்பில் எவ்வளவு அழகாக எழுதினாலும் ஆஸ்டெரிஸ்க் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இரண்டு நாள் வீணாக்கியவன் சொல்கிறேன்.

இப்போது ஒரு சம்பவம். ஊரும் இடமும் வேண்டாம். மலையில் மாணவர் விடுதி ஒன்றில் இப்படி ஒரு அமைப்பைப் போட்டுக் கொடுத்தேன். விடுதிக்கு ஃபைபர் இருந்தது. சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சுகாதார நிலையத்திலும் தனியாக ஃபைபர் இருந்தது. விடுதியில் நாலு உள் எண், நர்ஸ் அக்கா போனில் ஓர் ஆப், ஆக மொத்தம் ஐந்து. போட்ட அன்றைக்கு எல்லாரும் மாறி மாறிப் பேசிச் சிரித்தார்கள். நான் கீழே இறங்கிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி. ஒரு பையனுக்குக் கடுமையான காய்ச்சல், உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. காப்பாளர் 105 அழுத்தினார். மணி அடித்தது. நர்ஸ் அக்கா எடுத்தார். இவர் சொல்வது அவருக்குக் கேட்கிறது. அவர் சொல்வது இவருக்குக் கேட்கவில்லை. “சொல்லுங்க சார், எத்தனை டிகிரி? நான் பேசறது கேக்குதா?” என்று அவர் அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருக்க, இவர் இந்தப் பக்கம் “யாரும் எடுக்கலையே” என்று வைத்துவிட்டார். அக்கா திரும்பக் கூப்பிட்டார். மணி அடித்தது, காப்பாளர் எடுத்தார், அதே கதை, அரை நிமிஷத்தில் தானாக அறுந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டார், மறுபடி அரை நிமிஷம். கடைசியில் காப்பாளர் பையனைப் பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் பெரிய பையன் ஒருவனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இருட்டில் ஓட்டிக்கொண்டு போனார். பையன் பிழைத்துக்கொண்டான். காப்பாளர் மறுநாள் என்னிடம் பேசிய பேச்சை இங்கே திருப்பிச் சொல்ல முடியாது. சொன்னது நியாயம்தான்.

அடுத்த இரண்டு நாள் நான் செய்ததுதான் என் தப்பு. ஆஸ்டெரிஸ்கைப் பிரித்து மேய்ந்தேன். குரல் வடிவத்தை மாற்றினேன், ஆப்பை மாற்றினேன், கம்ப்யூட்டரையே அழித்து மறுபடி ஏற்றினேன். ‘இந்த இரண்டு வாரத்தில் இங்கே என்ன நடந்தது?’ என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்கவில்லை. சாயங்காலம் சமையல்கார அம்மாதான் பேச்சுவாக்கில் சொன்னார்: “போன வாரம் இடி விழுந்துச்சுல்ல, அன்னைக்கு ராத்திரி பூரா கரண்ட் இல்லப்பா.”

கரண்ட் போனது, ரூட்டர் அணைந்தது, கரண்ட் வந்ததும் ரூட்டர் எழுந்தது. எழுந்தபோது இணைய நிறுவனம் அதற்கு வேறு ஐபி முகவரி கொடுத்துவிட்டது. வீட்டு இணைப்புகளில் இது சகஜம். வீடு மாறியது, ஆனால் ஆஸ்டெரிஸ்குக்கு அது தெரியாது. நான் மூன்றாவது விஷயமாகச் சொன்னேனே, ‘என் விலாசம் இது’ என்பது, அதில் பழைய முகவரியை நான் கையால் எழுதி வைத்திருந்தேன். நர்ஸ் அக்காவின் ஆப், பெயரை வைத்துத் தேடிப் புது முகவரியைக் கண்டுபிடித்துப் பதிவு செய்துகொண்டது. அதனால் மணி அடித்தது. ஆனால் ஆஸ்டெரிஸ்க் அதனிடம் ‘குரலை இந்த விலாசத்துக்கு அனுப்பு’ என்று பழைய விலாசத்தைக் கொடுத்தது. அக்காவின் குரல் முழுக்க காலி செய்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த அரை நிமிஷக் கணக்கும் இதிலேயே அடங்கிவிடும். அரை நிமிஷம் இல்லை, சரியாக 32 வினாடி. ஒருவர் கூப்பிட்டு மற்றவர் எடுத்ததும், ‘எடுத்துட்டேன்’ என்று ஒரு செய்தி போகும். ‘சரி, புரிஞ்சது’ என்று ஒரு பதில் வர வேண்டும். அந்தப் பதிலும் பழைய விலாசத்துக்கே போனது. ‘எடுத்துட்டேன், எடுத்துட்டேன்’ என்று திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, 32 வினாடி ஆனதும் ஆஸ்டெரிஸ்க் இணைப்பை வெட்டிவிடும். அதனால் யாராவது உங்களிடம் ‘பேசிட்டே இருக்கும்போது கட் ஆகுது’ என்றால், உடனே கடிகாரத்தைப் பார்த்து எண்ணச் சொல்லுங்க. ஒவ்வொரு முறையும் 32 வினாடி என்றால் பழுது சிக்னலில் இல்லை, விலாசத்தில்.

நான் மட்டும் இப்படி மாட்டிக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றியுள்ள கிராமங்களில் பார்வை மையங்களைத் திறந்து, அவற்றைத் தொலைதூர வைஃபையால் மருத்துவமனையோடு இணைத்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் தொழில்நுட்பம் செய்து கொடுத்தார்கள். நோயாளி கிராமத்தில் உட்கார்ந்திருக்க, டாக்டர் தேனியிலிருந்து திரையில் பார்த்துப் பேசுவார். ஆயிரக்கணக்கான பேர் இப்படிக் கண் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஆய்வாளர்கள் 2008-இல் தங்கள் அனுபவத்தை எழுதி வெளியிட்டார்கள். அவர்கள் பட்ட பாடு பெரும்பாலும் அலைவரிசையிலோ மென்பொருளிலோ இல்லை. மின்சாரத்தில். வோல்டேஜ் எகிறி அடாப்டர் எரிந்தது, லோ வோல்டேஜில் ரூட்டர் பாதி எழுந்து பாதி எழாமல் கிடந்தது, திடீரென்று அணைந்ததில் நினைவகம் கெட்டது. இரண்டாவதாக அவர்கள் சொன்னது எனக்கு இன்னும் பிடித்தது. எது கெட்டது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாததால், சின்னப் பழுதுக்கும் வெளியூர் நிபுணர் வர வேண்டியிருந்தது. உள்ளூர் ஆட்களுக்கே பழுது பார்க்கப் பழக்கிய பிறகுதான் அது ஓடியது.

அந்த விடுதிச் சம்பவத்துக்குப் பிறகு நானும் எந்த இடத்திலும் கீழிருந்து மேலாகத்தான் பார்க்கிறேன். அதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன்.

போன் வேலை செய்யவில்லை என்றால் முதலில் போனைப் பார்க்காதீங்க, சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியைப் பாருங்க. அதில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால், ஒளி வரவில்லை என்று அர்த்தம். எங்கோ மரம் விழுந்திருக்கிறது, எங்கோ ரோட்டு வேலைக்குப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். நீங்கள் உள்ளே எதையும் மாற்ற வேண்டாம், இணைப்பு கொடுத்தவருக்குப் புகார் செய்யுங்க. விளக்கே எரியவில்லை என்றால் அடாப்டர். ஒரு 12 வோல்ட் அடாப்டர் உபரியாக வாங்கி அலமாரியில் வையுங்க. ரூட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது. மலையில் இதைப் போடாமல் இணையத் தொலைபேசி போடுவது கூரை இல்லாமல் திண்ணை கட்டுவது மாதிரி.

பெட்டி சரி, நெட்டும் வருகிறது, ஆனால் உள் எண் பதிவாகவில்லை என்றால் ஆஸ்டெரிஸ்க் பதிவேட்டைத் திறந்து எண்ணைப் பாருங்க. 401 என்று வந்தால் பயப்படாதீங்க. அது ‘யார் நீ, கடவுச்சொல் சொல்லு’ என்ற முதல் கேள்வி. எல்லாருக்கும் வரும். அதற்கு அடுத்து 200 வந்தால் உள்ளே போய்விட்டது. 401 மாறி மாறி வந்துகொண்டே இருந்தால் கடவுச்சொல் தப்பு. 408 என்றால் யாரும் பதிலே சொல்லவில்லை, பாதையில் அடைப்பு. பதிவாகிவிட்டது, ஆனால் கூப்பிட்டால் 404 வருகிறதா? அப்படி ஓர் எண் டயல் பிளானில் இல்லை. 488 என்றால் இரண்டு பக்கமும் குரலைச் சுருக்கும் முறையில் ஒத்துப்போகவில்லை. ஒருவர் தமிழ், ஒருவர் தெலுங்கு. இரண்டுக்கும் பொதுவான ஒன்றை அனுமதித்தால் முடிந்தது.

வெளியே கூப்பிட முடிகிறது, உள்ளே வரும் அழைப்புக்கு மட்டும் போன் அடிக்கவில்லை. ஆப்பைத் திறந்து வைத்தால் அடிக்கிறது. இந்தப் புகார்தான் எனக்கு அதிகம் வருகிறது. இதில் ஆஸ்டெரிஸ்க் மேல் ஒரு குற்றமும் இல்லை. உங்கள் ஸ்மார்ட்போன், பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிடுகிறது. செட்டிங்ஸில் அந்த ஆப்புக்குப் போய், பேட்டரி பகுதியில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுங்க. அவசரத்துக்கு நம்பும் இடத்தில் நான் ஸ்மார்ட்போனையே வைப்பதில்லை. சுவரில் கம்பியோடு இருக்கும் ஐபி போன் ஒன்றை மாட்டிவிடுவேன். அது தூங்காது.

மணி அடிக்கிறது, குரல் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்றால், என் கதைதான். வெளி விலாசம் சரியா என்று பாருங்க. குரல் போகும் கதவுகள், வழக்கமாக 10000 முதல் 20000 வரை, ரூட்டரில் அடைபட்டிருக்கிறதா பாருங்க. ரூட்டரில் ‘சிப் ஏஎல்ஜி’ என்று ஒன்று இருக்கும். உதவி செய்கிறேன் என்று பொட்டலத்துக்குள் கைவிட்டு விலாசத்தை மாற்றி வைக்கும். பெரும்பாலும் அதை அணைத்துவிடுவதே நல்லது. ரூட்டரை ரீசெட் செய்தால் அது திரும்ப ஆன் ஆகிவிடும், மறக்காதீங்க. இன்னொன்று, சில நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியைப் பல வீட்டுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். உங்கள் ரூட்டர் காட்டும் முகவரி 100.64-இல் ஆரம்பித்தால் அனேகமாக அதுதான். அங்கே எந்தக் கதவைத் திறந்தும் பயனில்லை.

அந்த விடுதியில் கடைசியில் என்ன செய்தோம் என்றால், கூடுதல் கட்டணம் கட்டி மாறாத ஐபி முகவரி வாங்கினோம். அதோடு வயர்கார்ட் என்ற திறந்த மூல மென்பொருளால் இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு தனிச் சுரங்கப்பாதை போட்டோம். நர்ஸ் அக்காவின் போன் அந்தச் சுரங்கம் வழியாகத்தான் வரும். வெளி உலகத்துக்கு ஆஸ்டெரிஸ்கின் கதவே தெரியாது.

கதவு தெரியாமல் இருப்பது ஏன் முக்கியம் என்றால், 5060 என்ற வாசலை இணையத்தில் திறந்து வைத்துப் பாருங்க, அன்றைக்கே யார் யாரோ தட்ட ஆரம்பிப்பார்கள். 101-க்கு 101 என்று கடவுச்சொல் வைத்திருந்தால் நுழைந்துவிடுவார்கள். வெளியே பேசும் வசதி இருந்தால் உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசித் தீர்ப்பார்கள். பில் உங்களுக்கு வரும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் நிறுவனத்துக்குள் உள் எண்ணுக்கு உள் எண் பேசிக்கொள்வது ஒன்று. சாதாரண செல்போன் எண்களுக்கும் லேண்ட்லைனுக்கும் இணைப்பது வேறு. அதற்கு உரிமம் பெற்ற நிறுவனத்திடம்தான் இணைப்பு வாங்க வேண்டும். ‘மாசம் இவ்வளவு தர்றோம், உங்க வீட்டுல ஒரு பெட்டி வைக்கிறோம், நெட் மட்டும் கொடுங்க’ என்று யாராவது வந்தால், அந்தப் பெட்டிக்குள் ஏகப்பட்ட சிம் கார்டு செருகியிருந்தால், அது சிம் பாக்ஸ். வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பு மாதிரி மாற்றும் திருட்டு வேலை. போலீஸ் வரும்போது பெட்டிக்காரன் இருக்க மாட்டான், வீட்டுக்காரர்தான் இருப்பார். மோசடி அழைப்பு வந்தால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ பகுதியில் தெரிவிக்கலாம். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். உள் எண்களுக்கு மட்டும் போட்ட அமைப்பிலிருந்து 108 போகாது, 112-ம் போகாது. ஆம்புலன்ஸ் வேண்டும் என்றால் டவர் கிடைக்கும் இடத்திலிருந்து உங்கள் சொந்த நம்பரில் கூப்பிட்டு, ஊர்ப் பெயரையும் பக்கத்தில் இருக்கும் அடையாளத்தையும் வாயால் சொல்லுங்க. வைஃபையில் பேசும்போது நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பது அந்தப் பக்கம் சரியாகத் தெரியும் என்று நம்பியிருக்காதீங்க.

சத்தீஸ்கரில் சிஜிநெட் ஸ்வரா என்று 2010-இல் ஒன்று தொடங்கினார்கள். ஆஸ்டெரிஸ்கை வைத்துக் கட்டியது. பழங்குடி மக்கள் ஒரு நம்பருக்குக் கூப்பிட்டு, தங்கள் மொழியிலேயே ‘எங்க ஊர்ல கைப்பம்பு கெட்டுப்போச்சு’ என்று பதிவு செய்வார்கள். மற்றவர்கள் கூப்பிட்டுக் கேட்பார்கள். படிக்கத் தெரிய வேண்டியதில்லை. இதே மென்பொருளில் கல்வராயன் மலையில் மரவள்ளி விலையைச் சொல்லும் ஓர் எண்ணையும் வைக்கலாம். உங்களில் யாருக்காவது ஆசை இருந்தால் பேச்சு முடிந்ததும் வந்து பாருங்க.

அந்த விடுதிக்கு இப்போதும் போகிறேன். போன் பக்கத்தில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்து இல்லை, காப்பாளர் எழுதியது. ‘சிவப்பு விளக்கு: கேபிள். விளக்கு இல்லை: அடாப்டர், அலமாரி இரண்டாம் தட்டு. ஒரு பக்கம் மட்டும் கேட்டால்: கட் பண்ணாதே, நாம பேசறது அவங்களுக்குக் கேக்குது, விஷயத்தைச் சொல்லிவிட்டு வை. 108-க்கு இது வேண்டாம்.’ ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் பிரேயர் முடிந்ததும், ஒரு பையன் மெயின் சுவிட்சை அணைக்கிறான். யூபிஎஸ்ஸில் போன் நிற்கிறதா என்று பார்க்க, இன்னொரு பையன் 105 அழுத்துகிறான். நர்ஸ் அக்கா எடுத்து, “கேக்குதுடா தம்பி, நான் பேசறது கேக்குதா?” என்கிறார். “கேக்குதுக்கா” என்று சொன்ன பிறகுதான் சுவிட்சைப் போடுகிறார்கள்.